சர்வர் என்ன சொன்னது? நெட்வொர்க் டேப் பிறந்த கதை

மென்பொருள் அலுவலகங்களில் அடிக்கடி நடக்கிற வழக்கு இது. இணையப் பக்கத்தில் ஒரு பொருளின் விலை தப்பாகத் தெரிகிறது. திரையைச் செய்தவர், "சர்வர்லேருந்து வர்றதே தப்பாத்தான் வருது" என்பார். சர்வர் பக்கம் வேலை பார்ப்பவர், "நாங்க சரியாத்தான் அனுப்புறோம், நீங்க காட்டுறதுலதான் கோளாறு" என்பார். விவரம் தெரிந்த மூன்றாவது ஆள் நடுவில் வந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "நெட்வொர்க் டேப்ல என்ன வந்திருக்கு?"

அதோடு வழக்கு தீர்ந்தது. பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேப்பைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றி, சம்பந்தப்பட்ட ரிக்வஸ்ட் வரியைத் தட்டினால், சர்வர் அனுப்பிய பதில் எழுத்துக்கு எழுத்து அங்கே இருக்கும். திரையில் 540 என்று தெரிகிற விலை பதிலில் 450 என்று இருந்தால் திரைக்காரர் திருத்த வேண்டும். பதிலிலேயே 540 என்றால் சர்வர்க்காரர் எழுந்து போக வேண்டியதுதான்.

இன்றைக்கு எந்த பிரவுசரை இறக்கினாலும் இந்த வசதி கூடவே வருகிறது. ஆனால் வெப் தோன்றி ஏறக்குறைய பதினைந்து வருஷம் இப்படி ஒன்று பிரவுசருக்குள் இல்லாமலேதான் ஓடியது. அது வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். பிரவுசர் கேட்ட கேள்வியைப் பிடிப்பது சுலபமாகவே இருந்தது. வந்த பதிலை, அதைக் கலைக்காமல், முழுசாகப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

பக்கமே பதிலாக இருந்த காலம்

ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் வகுத்த எச்டிடிபி மிக எளிமையானது. 'கெட்' என்று எழுதி, இடைவெளி விட்டு, வேண்டிய பக்கத்தின் முகவரி. கேள்வி அந்த ஒரு வரியோடு முடிந்தது. சர்வர் எச்டிஎம்எல்லை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். ஹெடர் கிடையாது, ஸ்டேட்டஸ் எண்ணும் கிடையாது. கேட்ட பக்கம் இல்லையென்றால் அந்தச் சேதியும் ஒரு எச்டிஎம்எல் பக்கமாகவே வரும். பதில்தான் பக்கம், பக்கம்தான் பதில். 'வியூ சோர்ஸ்' அழுத்தினால் வந்தது அத்தனையும் கண் முன்னால் இருக்கும். தனியாக ஒரு கருவிக்கு அவசியமே இல்லை.

1996 மே மாதம் எச்டிடிபி 1.0 ஆவணமாக வெளிவந்தபோது நிலைமை மாறியிருந்தது. பதிலின் தலையில் 200, 304, 404 என்று ஸ்டேட்டஸ் எண் ஏறியது. அதன் கீழே கோப்பின் வகை, நீளம், கடைசியாக மாற்றிய தேதி என்று ஹெடர்கள் வரிசை கட்டின. வியூ சோர்ஸில் இவை எதுவும் தெரியாது. பார்க்க வேண்டும் என்றால் டெல்நெட்டைத்தான் நாட வேண்டும்.

கறுப்புத் திரையில் டெல்நெட் என்று அடித்து, சர்வர் பெயரையும் 80 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் இணைப்பு கிடைக்கும். பிறகு பிரவுசர் பேச வேண்டியதை நாமே கையால் அடிக்க வேண்டும்: கெட், பாதை, எச்டிடிபி பதிப்பு, அடுத்த வரியில் ஹோஸ்ட் பெயர், கடைசியில் எண்டர் இரண்டு தடவை. அந்த வெற்று வரி வந்தால்தான் கேள்வி முடிந்தது என்று சர்வருக்குத் தெரியும். இரண்டாவது எண்டரை மறந்துவிட்டால் நாம் சர்வருக்காகவும் சர்வர் நமக்காகவும் சும்மா காத்துக்கொண்டிருப்போம்.

இப்படிக் கிடைத்த பதில் அசல்தான். ஆனால் அது நாம் கேட்ட கேள்விக்கான பதில். பிரவுசர் கேட்டதற்கு வந்த பதில் அல்ல. பிரவுசர் தன் குக்கியை அனுப்பும், தன் பெயரைச் சொல்லும், எந்த மொழி வேண்டும் என்றும் சொல்லும். அத்தனையும் பார்த்துத்தான் சர்வர் பதில் எழுதும். கோளாறு அந்தக் குக்கியில் இருந்தால் டெல்நெட்டில் எத்தனை தடவை அடித்தாலும் அகப்படாது.

கம்பியில் காது வைத்தவர்கள்

அப்படியானால் பிரவுசரும் சர்வரும் பேசுவதைக் கம்பியிலேயே பிடித்தால் என்ன? அதற்கு வெப்பைவிட மூத்த கருவி ஒன்று இருந்தது. வான் ஜேக்கப்ஸன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோர் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவாக்கிய டிசிபிடம்ப் 1988-ஐச் சேர்ந்தது. 1998-இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் வெளியிட்ட ஈத்தரியல் அதே வேலையை ஜன்னல், பட்டன் எல்லாம் வைத்துச் செய்தது. 2006-இல் அது வயர்ஷார்க் என்று பெயர் மாறியது.

இவை நெட்வொர்க் நிர்வாகிகளுக்காகப் பிறந்தவை. அவர்களுக்கு வேண்டியது பாக்கெட். ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்கு 1500 பைட்தான் உச்சம். ஆகவே 60 கிலோபைட் படம் ஒன்று நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக வரும், நடுவில் வேறு இணைப்புகளின் துண்டுகளும் கலந்து வரும். பக்கம் செய்கிறவருக்கு இவ்வளவு சிக்கல் எதற்கு? அவர் கேட்பதெல்லாம், "இந்தக் கேள்விக்கு என்ன பதில்?" என்பதுதான். இதற்கிடையே 1995-இலேயே நெட்ஸ்கேப் எஸ்எஸ்எல் என்ற பூட்டைக் கொண்டுவந்துவிட்டது. பூட்டிய இணைப்பில் கம்பியில் காது வைத்தால் புரியாத பைட்டுகள்தான் கிடைக்கும். பூட்டு திறக்கும் இடம் பிரவுசருக்குள் இருக்கிறது. பதிலைப் பார்க்க வேண்டியவர் என்றாவது ஒருநாள் பிரவுசருக்குள் வந்துதான் தீர வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

பக்கம் மாறாமல் நடந்த பேச்சு

ஆனாலும் அவசரம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2000 குழு, அவுட்லுக் அஞ்சலை பிரவுசரிலேயே காட்ட முயன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றினால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். அந்தக் குழுவின் அலெக்ஸ் ஹாப்மன், பக்கம் அப்படியே நிற்க, பின்னால் சர்வரிடம் பேசி வருகிற ஒரு சிறு பாகத்தை எழுதினார். 1999 மார்ச்சில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல், எக்ஸ்எம்எல் நூலகத்தோடு சேர்ந்து அது வெளியே வந்தது. பின்னர் மொசில்லாவும் சஃபாரியும் அதையே எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வஸ்ட் என்ற பெயரில் எடுத்துக்கொண்டன.

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜிமெயில், 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ். வரைபடத்தை மவுஸால் இழுத்தால் பக்கம் அசையாமல் தெருக்கள் மட்டும் நகர்ந்துகொண்டே போவதைப் பார்த்து உலகம் வாய் பிளந்தது. அதே பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் தான் எழுதிய கட்டுரையில் இந்த முறைக்கு ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். அப்புறம் எல்லோருக்கும் ஏஜாக்ஸ் வேண்டும் என்றாகிவிட்டது.

செய்கிறவர்களுக்குத்தான் தலைவலி. பழைய பக்கம் கெட்டுப்போனால் பிழைச் சேதி திரையிலேயே வந்து நிற்கும். ஏஜாக்ஸ் பக்கத்தில் பட்டனைத் தட்டினால் ஒன்றுமே நடக்காது. கேள்வி போனதா? போய் 500 என்று திரும்பியதா? 200 என்றே வந்து உள்ளே மட்டும் காலியா? வியூ சோர்ஸில் பார்த்தால், பக்கம் முதலில் ஏறியபோது இருந்த எச்டிஎம்எல்தான் இருக்கும். அதன்பின் நடந்த பேச்சு எதுவும் அதில் கிடையாது. எச்சரிக்கைப் பெட்டி ஒன்றில் பதிலைக் கொட்டிப் பார்ப்பதுதான் அன்றைக்குப் பலருக்குத் தெரிந்த வைத்தியம்.

நடுவில் நின்ற ப்ராக்ஸி

இடைக்காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பிரவுசருக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஒரு ப்ராக்ஸியை நிறுத்துவது. மைக்ரோசாஃப்டில் இருந்த எரிக் லாரன்ஸ் 2003-இல் வெளியிட்ட ஃபிட்லர் அப்படிப்பட்டது. நியூசிலாந்தின் கார்ல் வான் ராண்டோ செய்த சார்ல்ஸ் இன்னொன்று. எல்லாப் போக்குவரத்தும் இவை வழியாகப் போவதால் கேள்வி, பதில் இரண்டும் முழுசாகக் கிடைக்கும். பூட்டிய இணைப்பையும் பார்க்க வேண்டுமானால், ப்ராக்ஸி தன் சொந்தச் சான்றிதழைக் காட்ட, அதை நம்பும்படி நம் கணினியை அமைக்க வேண்டும். நன்றாகவே வேலை செய்யும். இன்றைக்கும் கைபேசிச் செயலிகளைச் சோதிக்க இதுதான் வழி. ஆனால் எந்தக் கேள்வி எந்தப் பட்டனால் எழுந்தது என்பது ப்ராக்ஸிக்குத் தெரியாது. அது பக்கத்துக்கு வெளியே நிற்கிறது.

இரண்டாவது வழி ஃபயர்ஃபாக்ஸின் நீட்சிகள். லைவ் எச்டிடிபி ஹெடர்ஸ் என்ற நீட்சி பிரவுசருக்குள்ளேயே உட்கார்ந்து, போகிற வருகிற ஹெடர்களை எல்லாம் பட்டியலிட்டுக் காட்டியது. பெயரே சொல்வதுபோல் ஹெடர்கள்தான். பதிலின் உள்ளடக்கம் அதில் வராது.

ஃபயர்பக்

ஜோ ஹ்யூவிட் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்தவர். ஃபயர்ஃபாக்ஸைத் தொடங்கிய சிறு கூட்டத்தில் ஒருவர். பக்கத்தின் உள்கட்டமைப்பைக் காட்டும் டாம் இன்ஸ்பெக்டரும் அவர் கைவேலைதான். 2006 ஜனவரியில் அவர் ஃபயர்பக் என்ற சிறிய நீட்சியை வெளியிட்டார். பக்கத்தின் அடியில் ஒரு பலகம் திறக்கும். பிழைகள் அங்கே வரும். பக்கம் பின்னால் அனுப்புகிற ஒவ்வொரு ஏஜாக்ஸ் கேள்வியும் ஒரு வரியாக அங்கே விழும். வரியை விரித்தால் பதில் உள்ளே இருக்கும்.

இதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. ஏஜாக்ஸ் பதில் எப்படியும் ஜாவாஸ்கிரிப்ட் கையில் வந்து சேர்கிறது. அந்த ரிக்வஸ்ட் பொருளிடமே போய் "உன்னிடம் என்ன வந்தது" என்று கேட்டு வாங்கிக்கொண்டால் போதும். கம்பியைத் தொட வேண்டியதில்லை, ப்ராக்ஸி வேண்டியதில்லை, பூட்டுப் பிரச்சினையும் இல்லை.

2007 ஜனவரியில் 1.0 வந்தபோது, நெட் என்று ஒரு தனி டேப் அதில் இருந்தது. இப்போது ஏஜாக்ஸ் மட்டுமல்ல. எச்டிஎம்எல், படம், ஸ்டைல், ஸ்கிரிப்ட் என்று பக்கம் இழுத்த எல்லாக் கோப்புக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஸ்டேட்டஸ், அளவு, பக்கத்திலேயே ஒரு பட்டை. பட்டையின் இடது முனை கோப்பு கேட்கப்பட்ட நேரம், வலது முனை வந்து முடிந்த நேரம். மேலிருந்து கீழாகப் பட்டைகள் படிப்படியாக இறங்கும். எந்தக் கோப்புக்காகப் பக்கம் காத்துக் கிடந்தது என்று சொல்ல ஒரு பார்வை போதும்.

இந்தப் பட்டைகளை வைத்து இன்னொருவர் ஒரு துறையையே கட்டினார். யாஹூவில் இருந்த ஸ்டீவ் சௌடர்ஸ், பயனர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம் திரைப்பக்க வேலைகளில்தான் போகிறது என்று காட்டினார். சர்வரை வேகப்படுத்துவதே வேலை என்று இருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. அவர் 2007-இல் வெளியிட்ட ஒய்ஸ்லோ, ஃபயர்பக்கின் மேலேயே உட்கார்ந்து பக்கத்துக்கு மதிப்பெண் போட்டது.

பதிலைப் பிடித்த விதம்

வெளியே எல்லாம் நன்றாக இருந்தது. உள்ளே ஒரு ஓட்டை இருந்தது.

ஏஜாக்ஸ் பதிலை ரிக்வஸ்ட் பொருளிடம் கேட்டு வாங்கலாம். மற்றக் கோப்புகளுக்கு அப்படிக் கேட்க யாரும் இல்லை. ஹெடர்கள் பிரவுசரின் பதிவில் தங்கிவிடும். அதனால் எந்த நீட்சியும் பின்னால் வந்து படிக்க முடிந்தது. உள்ளடக்கமோ ஓடிவரும் பைட்டுகள். வந்த வேகத்தில் பக்கம் வரைகிற பகுதி அதை எடுத்துக்கொண்டுவிடும். அந்தப் பகுதிக்கு முன்னால் நீட்சி எடுத்தால் பக்கத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. பின்னால் வந்தால் நீட்சிக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஃபயர்பக் கண்ட வழி, பிரவுசரின் கேஷில் தேடுவது. பதில் அங்கே இருந்தால் சரி. இல்லையென்றால், காட்டுவதற்காக அதே முகவரியை மறுபடி கேட்டு வாங்க வேண்டும். இதில் உள்ள அபாயம் எவருக்கும் தெரியும். நேரத்துக்கு நேரம் மாறுகிற பதில் என்றால், டேப்பில் தெரிவது ஒன்று, பக்கம் பெற்றது வேறொன்று. பிழையைப் பார்க்கப் போகிறவர், பிழை இல்லாத இரண்டாவது பதிலைப் பார்த்துக் குழம்புவார். சர்வருக்கோ வேண்டாத வேலை கூடுதலாக ஒன்று வரும்.

தீர்வு பிரவுசரின் அடிவயிற்றில்தான் இருந்தது. 2008 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3.0.4-இல் டிரேசபிள் சேனல் என்ற புதிய இடைமுகம் சேர்ந்தது. தண்ணீர்க் குழாயில் பிளம்பர் டீ ஜாயிண்ட் போடுவதுபோல, ஓடிவரும் பதிலின் பாதையில் நீட்சி தன்னையும் ஒரு இணைப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பங்கு பக்கத்துக்குப் போகும், அதன் நகல் நீட்சிக்கு வரும். அப்போது ஃபயர்பக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த செக் நாட்டவரான யான் ஓட்வார்கோ, ஹொன்சா என்று எல்லோரும் அழைப்பவர், இதை எப்படிப் பயன்படுத்துவது என்று உதாரணத்தோடு எழுதி மற்ற நீட்சிக்காரர்களுக்கும் வழிகாட்டினார். அன்றிலிருந்துதான் டேப்பில் தெரிவதும் பக்கம் பெற்றதும் ஒன்றே என்று நம்பிச் சொல்ல முடிந்தது.

எல்லா வீட்டுக்கும் வந்தது

சஃபாரியின் அடித்தளமான வெப்கிட்டில் வெப் இன்ஸ்பெக்டர் என்ற கருவி ஃபயர்பக் பிறந்த அதே 2006 ஜனவரியில் அறிமுகமானது. தொடக்கத்தில் அது பக்கத்தின் கட்டமைப்பையும் ஸ்டைலையும் மட்டுமே காட்டியது. நெட்வொர்க் விவரம் அடுத்த வருஷம் சேர்ந்தது. 2008 செப்டம்பர் 2-ஆம் தேதி வெளிவந்த கூகுள் குரோம் அதையே எடுத்துக்கொண்டு வளர்த்தது. மைக்ரோசாஃப்ட் 2009-இல் எஃப்12 பொத்தானுக்குள் தன் கருவிகளை வைத்தது; நெட்வொர்க் பகுதி 2011-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9-ஓடு வந்தது. ஃபயர்ஃபாக்ஸே தன் சொந்த நெட்வொர்க் மானிட்டரை 2013 ஆகஸ்டில், 23-ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்பு பழைய வகை நீட்சிகளை நிறுத்தியபோது ஃபயர்பக்கின் கதை முடிந்தது. அது கற்றுக்கொடுத்த அமைப்பு மட்டும் எல்லா பிரவுசரிலும் தொடர்கிறது.

பதிலைப் பிடிக்கும் பழைய சிக்கலின் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. குரோமில் வரியைத் தட்டும்போதுதான் அந்தப் பதிலின் உள்ளடக்கம் பிரவுசரிடம் தனியாகக் கேட்கப்படுகிறது. அதற்குள் வேறு பக்கத்துக்குப் போயிருந்தால், பிரவுசர் அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். 'ப்ரிசர்வ் லாக்' டிக் செய்திருந்தால் வரி நிற்கும், ஹெடர் நிற்கும். ரெஸ்பான்ஸ் இடத்தில் மட்டும் பதிலை எடுக்க முடியவில்லை என்ற சேதி வரும்.

தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு இந்த டேப்பில் தனி லாபம் உண்டு. சர்வர் ஜேசன் வடிவில் 'தமிழ்' என்று அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பிஎச்பி, பைத்தான் இரண்டும் தம் வழக்கமான அமைப்பில், யூனிகோட் எண்களாக மாற்றித்தான் அனுப்பும். இந்தச் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து யூனிகோட் குறிகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு எழுத்துகள் ஆகும். கம்பியில் வருவது முப்பது எழுத்துகள். ப்ரிவியூ பகுதியில் 'தமிழ்' என்று பளிச்சென்று தெரியும். முப்பதையும் பார்த்துப் பயந்து சர்வரில் கைவைக்க வேண்டியதில்லை. மாறாக, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் பதிலாக, தலையில் சாய்கோடு போட்ட ஐரோப்பிய 'ஏ'-வில் தொடங்கி மும்மூன்று எழுத்துகள் கூட்டம் போட்டு வந்தால் நோய் வேறு: யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்டாக வந்த குறியை யாரோ ஒற்றை பைட் எழுத்தாகப் படிக்கிறார்கள். உடனே ஹெடர்ஸ் பகுதிக்குப் போய் கன்டென்ட்-டைப் வரியில் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காட்டவும் மறைக்கவும்

பார்த்ததை இன்னொருவருக்கு அனுப்புவது எப்படி? 2009-இல் ஹொன்சா, சௌடர்ஸ், எச்டிடிபிவாட்ச் கருவியின் சைமன் பெர்கின்ஸ் ஆகியோர் சேர்ந்து ஹார் என்ற கோப்பு வடிவத்தை வகுத்தார்கள். டேப்பில் உள்ள அத்தனை கேள்வி பதிலும் ஒரே ஜேசன் கோப்பில் அடங்கும். டபிள்யு3சி அதைத் தரமாக வெளியிடாமலே கைவிட்டது. பிரவுசர்கள் எதுவும் அதைக் கைவிடவில்லை.

இதற்குள் எச்டிடிபி-யே கைக்கு எட்டாமல் போய்விட்டது. 2015-இல் வந்த எச்டிடிபி 2 பைனரி. டெல்நெட்டில் அடித்துப் பேச முடியாது. 2022-இல் தரமாக வெளியான எச்டிடிபி 3 பிறக்கும்போதே பூட்டோடு பிறந்தது. மனிதர் படிக்கிற வடிவில் பேச்சைப் பார்க்கச் சாதாரணமாக மிஞ்சியிருக்கும் இடம் நெட்வொர்க் டேப்தான்.

முழுசாகக் காட்டுவதன் விலை 2023 அக்டோபரில் தெரிந்தது. அடையாளச் சேவை நிறுவனமான ஒக்டாவின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்குள் ஒருவர் புகுந்து, கோளாறு பார்ப்பதற்காக வாடிக்கையாளர்கள் அனுப்பிய கோப்புகளை எடுத்தார். 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் சிக்கின. அவற்றில் சில ஹார் கோப்புகள். உள்ளே உயிரோடிருந்த லாகின் டோக்கன்கள். அவற்றை வைத்து ஐந்து நிறுவனங்களின் லாகினுக்குள் நுழைய முடிந்தது.

2024-இல் வந்த குரோம் 130, ஹார் கோப்பை எழுதும்போது குக்கி, செட்-குக்கி, ஆத்தரைசேஷன் ஆகிய ஹெடர்களைத் தானாகவே நீக்கிவிடும்படி மாறியது. ஆனால் நீங்குவது ஹெடர்கள்தான். பதிலின் உள்ளடக்கம், அதாவது இத்தனை பேர் இத்தனை வருஷம் பாடுபட்டு முழுசாகப் பிடித்த அந்தப் பகுதி, கோப்பில் அப்படியே போகும். வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், முகவரி, சில சமயம் டோக்கனே கூட அதில் இருக்கலாம். ஆகவே ஹார் கோப்பை அனுப்பச் சொல்லி யார் கேட்டாலும், அதை முதலில் திறந்து, ரெஸ்பான்ஸ் பகுதிகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள். அந்தச் சோதனையை எந்த பிரவுசரும் இன்னும் உங்களுக்காகச் செய்வதில்லை.